தேனும் தகரமும்

கிட்டார் ஒலியை மாற்றத் தன் கையாலேயே செய்த பெடலை மனைவியே சாப்பாட்டு மேசையில் மறுபடியும் பிரித்துப் போட்டதும் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

“தேன் மாதிரி கேக்குதே, அப்புறம் ஏன் கழட்டுற?”

“தேன் மாதிரி கேட்டா அது ஓவர்டிரைவே இல்லைங்க, கரகரன்னு கிழியணும். டயோடு சரியா ஒட்டல.”

“மெதுவா பேசு. அம்மா எழுந்தா தொலைஞ்சோம்.”

அவள் சால்டரிங் கம்பியால் ஈயத்தை உருக்கி டயோடை ஒட்டினாள். அவன் பெடலை மிதித்துவிட்டு மடியிலிருந்த கிட்டாரின் தந்தியைச் சுண்டினான். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் வீடே கரகரத்தது. உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது.

“அம்மா, உன் கிட்டாரை நான் ஒண்ணும் பண்ணல! எல்லாம் இவ வேலை!”

அம்மா கிட்டாரைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் அதிர ஒரு மீட்டு மீட்டினாள்.

“இந்தச் சத்தத்துக்குத்தானேடா, சால்டரிங் தெரிஞ்ச பொண்ணாத் தேடி உனக்குக் கட்டி வெச்சேன்!”