முதல் பொன்னாடை

வெள்ளம் மொட்டை மாடியை நெருங்கிவிட்டது. அங்கே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி காத்திருந்தாள். மீட்பு இயந்திரமோ படகுக் கொட்டகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பழங்காலக் கிரேக்க வீரர்களின் குணத்தை அதற்குள் ஏற்றினால் அஞ்சாமல் பாயும் என்றார்கள்; பாயத்தான் செய்தது. ஆனால் அந்தத் துணிச்சல் புகழில்தான் ஓடுகிறது. நேற்றைய பாராட்டு விழாவில் முதல் பொன்னாடை இன்னொரு இயந்திரத்துக்குப் போய்விட்டது.

“அது தண்ணி எறைக்கிற மோட்டாருங்க,” என்று மீட்புப் பணியாளர் பரிமளா பத்தாவது தடவையாகச் சொன்னாள். “தெரியாம போத்திட்டாங்க.”

“என் மானம் போனது போனதுதான்.”

பரிமளா பழைய கைப்படகை அவிழ்த்தாள்.

“நீ போனால் உன் பெயரை யார் பாடுவார்கள்?” என்றது மீட்பு இயந்திரம்.

“யாரும் பாட வேணாம் சாமி. நீங்க உக்காந்திருக்கிறது என் துடுப்பு மேல. கொஞ்சம் எந்திரிங்க.”