கோடித் துண்டு

கட்டில் பக்கத்தில் டீ வைத்திருந்தார்கள். ஆவி பறந்தது.

விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலைமாட்டில் அவன் படம். கட்டிலுக்கடியில் பாலிஷ் போட்ட பூட்ஸ், சுவரைப் பார்த்தபடி.

அவள் வாசலிலேயே நின்றாள். மகனுக்கு இங்கே ஓர் அறை இருப்பது அவளுக்குத் தெரியாது.

நினைவுக்கல்லை மட்டும் பார்க்கலாம் என்று வந்தாள். அது வெளியே காற்றில் நிற்கிறது. சண்டையில் இந்த உச்சியை விட்டுக்கொடுக்காமல் செத்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவள் மகன் பேச்சிமுத்து பெயரும் இருக்கிறது. மற்றவர்கள் பெட்டியில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பேச்சிமுத்துவைப் பனி மூடிக்கொண்டது. தேடியும் கிடைக்கவில்லை.

தில்லிக்குக் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்தார்கள். மலைக்கு யாரும் கூப்பிடவில்லை. வடக்கே கூட்டிப்போகும் சுற்றுலாக் கம்பெனியின் நோட்டீஸில் கோயில்களோடும் ஏரியோடும் இந்த நினைவிடமும் இருந்தது. அடிவாரத்திலிருந்து காலையில் வேனில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம் என்று போட்டிருந்தது. அவள் கிளம்பிவிட்டாள். எதற்காக வருகிறாள் என்று வேனில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பையில் கோடித் துண்டு இருந்தது. செத்தவன் மேல் கடைசியாகப் போர்த்துகிற புதுத்துணி. உடம்பு வராததால் அது பீரோவிலேயே கிடந்தது. கல்லுக்காவது போர்த்திவிட்டு வருவோம் என்று எடுத்து வந்திருந்தாள்.

அறையைக் காட்டிக்கொண்டிருந்த சிப்பாய் வேலூர்க்காரன். படத்தைக் காட்டி, வந்தவர்களுக்குத் தமிழிலேயே சொன்னான்.

"சாருக்கு வெச்சிட்டுத்தான் நாங்க குடிப்போம். நைட்ல ரோந்து போவாரு. காவல்ல எவனாவது தூங்கினா கன்னத்துல ஒண்ணு விழும். போன வருஷம் ஹவில்தார் புரமோஷன் ஆச்சு."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லாரும் நின்றார்கள்.

அவள் மகன் யாரையும் கைநீட்டி அடித்தவன் இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

அப்படியென்றால் இன்னும் வேலையில்தான் இருக்கிறான். செத்த பிறகும் தூங்க விடாத வேலை.

அமாவாசை தவறாமல் இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததெல்லாம் ஆக்கி, ஓட்டின் மேல் சோறு வைத்து, கா கா என்று கத்தித் தொண்டை வற்றியிருக்கிறாள். தெருவில் இருக்கிற காகமெல்லாம் பக்கத்து வீட்டுச் சோற்றுக்குப் போகும். இவள் வைத்ததை எட்டிக்கூடப் பார்க்காது. பெற்றவள் மேல் பிள்ளைக்கு என்ன கோபமோ என்று ஊர் பேசியது. அவளும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அழுதாள்.

கோபமில்லை.

லீவு கிடைக்கவில்லை.

மற்றவர்கள் படம் எடுக்க வெளியே போனார்கள். அவள் உள்ளே போய் டீயை எடுத்தாள். தடுக்க வந்த சிப்பாய் அவள் முகத்தைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். அதே மூக்கு, அதே நெற்றி.

கையை இறக்கிக்கொண்டான்.

"இன்னொரு தம்ளர் இருக்காய்யா? எம்மவன் இம்புட்டுச் சூடா குடிக்க மாட்டான்."

கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு தம்ளருக்குமாக மாற்றி மாற்றி ஆற்றினாள். விரிப்பில் சிந்தாமல் பார்த்துக்கொண்டாள். ஆறியதும் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஐயா, அவனுக்கு லீவு குடுக்க மாட்டியளா?"

லீவு கேட்டு வந்தவர்களிடம் அதிகாரி கேட்பது போலவே சிப்பாய் கேட்டான்.

"எத்தன நாள்மா?"

அதை அவள் யோசித்து வரவில்லை.

ஊருக்கு வந்து, இலை போட்டு, காகம் வந்து எடுத்துவிட்டால் அவன் போய்விட்டான். எடுக்காதவரை எங்கேயோ இருக்கிறான். இத்தனை வருஷமும் அழுதது நிஜம். உள்ளுக்குள் ஒரு மூலையில், காகம் எடுக்காதது அவளுக்குப் பிடித்திருந்ததும் நிஜம்.

வெளியே காற்று கல்லைச் சுற்றி ஊளையிட்டது.

"புரட்டாசி அமாவாச வரைக்கும் குடுங்க. அதுக்குப் பொறவு நீங்க டீ வைக்க வேண்டாம்."

சிப்பாய் படத்தின் முன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். குனிந்து பூட்ஸை எடுத்தான். வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

வேன் ஹாரன் அடித்தது.

அவள் கல்லைத் தாண்டி நடந்தாள். அங்கே நிற்கவில்லை. வேன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தன் பக்கத்து இருக்கையில் கோடித் துண்டைப் போட்டாள். லீவில் வரும்போதெல்லாம் அவன் அப்படித்தான் போடுவான். பஸ் நிற்கும் முன்னே கூடவே ஓடி, ஜன்னல் வழியாக, அம்மாவுக்கு இடம்.

காலையில் அங்கே உட்கார்ந்து வந்த மதுரை டீச்சர் அவளுக்குப் பின்னால் ஏறி வந்தார். துண்டை எடுத்து அவளிடம் கொடுக்கப் போனார்.

"ஆள் இருக்கு டீச்சர்."

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். வர வேண்டியவர்கள் எல்லாரும் ஏறியாகிவிட்டது. கீழே வேலூர்க்காரன் அந்த ஜன்னலைப் பார்த்து சல்யூட்டில் நின்றான். இன்னும் கையை இறக்கவில்லை.

டீச்சர் துண்டை இருந்தபடியே விரித்து வைத்தார். பின்சீட்டில் போய் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்.

வேன் இறங்கத் தொடங்கியது. முதல் வளைவில் துண்டு நழுவப் பார்த்தது. அவள் கையை வைத்துப் பிடித்தாள். மறுகையால் கண்ணாடியை இழுத்து மூடினாள். காற்றுச் சத்தம் நின்றது.

பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"தூங்குய்யா. ஊர் வந்தா எழுப்புதேன்."