சமாதானம் கொடுக்கும் நேரம்

பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்து எப்சிபாவின் மகள் இறந்த பிறகு, அந்த வேனை ஓட்டியவனின் மனைவி ரூபாவதிக்குப் பக்கத்தில் கோயிலில் யாரும் உட்காருவதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னதை நம்பி கோர்ட்டும் விட்டுவிட்டது. அந்த ஞாயிறு ஆராதனையில் போதகர் முன்வரிசையில் ஒருவரின் கைகளைப் பொத்திக் கொடுத்த சமாதான வாழ்த்து, ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி எப்சிபாவிடம் வந்தது. அவள் தன் வரிசையை விட்டுப் போய், தனியாக நின்ற ரூபாவதியின் கைகளைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். சபையே திரும்பிப் பார்த்தது. ரூபாவதி அழத் தொடங்கினாள்.

“அழாத. கோயில்ல வச்சுக் கேக்கேன், உண்மையச் சொல்லு,” என்றாள் எப்சிபா, மெதுவாக. “அன்னைக்கு அவன் குடிச்சிருந்தானா?”

ரூபாவதி பீடத்தைப் பார்த்தாள். “ஆமாக்கா. காலையிலயே.”

எப்சிபா கையை விடவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் சமாதானத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.