குறட்டு வாயில் ஒரு கீற்று

ஜன்னலோரம் பட்டறை முதலாளி செல்லக்கனி அக்கா, எதிரே ஸ்டூலில் ஃபிட்டர் யாக்கோபு, மேசையில் தாளும் பேனாவுமாக நான். கம்பெனி அனுப்பிய, பெயர் பொறிக்காத மாதிரியைப் போலவே கத்தி, கத்தரி, குறடு எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்டி டூல் செய்து, அதன் குறைகளையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒத்துப்போனால்தான் ஆர்டர். யாக்கோபு செய்து முடித்ததை எடுத்து, கத்தியை விரித்து அதன் முதுகில் தட்டினோம், பூட்டு அசையவில்லை. கத்தரி நூலை ஒரே கடியில் வெட்டியது. யாக்கோபு விசிலடித்தார். கடைசியாகக் குறட்டின் வாயை மூடி வெயிலுக்கு நேரே பிடித்தார் செல்லக்கனி. நடுவே மயிரிழை வெளிச்சம்; வாய் முழுதும் ஒட்டவில்லை.

“போச்சு. எழுதுங்க அண்ணாச்சி, மறைக்காண்டாம்.”

எழுதினேன். அதற்குள் யாக்கோபு கம்பெனி மாதிரியை எடுத்து வெயிலில் பிடித்திருந்தார்.

“எக்கா, இங்க பாருங்க! இதுலயும் அதே கீத்து, அதே இடத்துல!”

“ஏலே கிறுக்கா, கோளாறையுமா அளவெடுத்த?”

“அச்சு அசலா செய்யச் சொன்னது நீங்கதானக்கா!”

செல்லக்கனி சிரித்துவிட்டார். எழுதிய குறையை நான் அடிக்கப் போனேன், விடவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ‘இரண்டையும் அனுப்பியுள்ளோம். எது உங்களுடையது என்று தெரிவிக்கவும்.’

இரண்டு கருவிகளையும் கடிதத்தோடு உறையில் போட்டு ஒட்டினேன். பசை காயுமுன் அதைப் பிடுங்கிக்கொண்டு யாக்கோபு தபால் நிலையத்துக்குச் சைக்கிளை மிதித்தார்.