மாவுக் கை

ஒரு கடைச் சுவரில் அலமாரிக் கைப்பிடிகள் வரிசையாக மாட்டியிருந்தன. அதிலே வளைந்த ஸ்டீல் கைப்பிடிக்கு அன்றுதான் கடைசி நாள். யாரும் வாங்காவிட்டால் மாலையில் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

"உன் மூஞ்சியை யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?" என்றது பக்கத்திலிருந்த தங்க நிறக் குமிழ்க் கைப்பிடி.

அடுப்பருகே உள்ள இழுப்பறைக்குக் கைப்பிடி வாங்க மங்கையர்க்கரசி வந்தாள். முதலில் குமிழைத்தான் தொட்டாள். ஸ்டீல் கைப்பிடி கண்ணை மூடிக்கொண்டது.

அவளோ கையெல்லாம் மாவு ஒட்டியிருப்பதுபோல விரல்களை விரித்து, சுண்டுவிரலால் மட்டும் குமிழை இழுத்துப் பார்த்தாள். விரல் வழுக்கியது. ஸ்டீல் கைப்பிடியின் வளைவுக்குள் அதே விரல் இதமாக நுழைந்தது.

"மாவு பிசையும்போது உப்பு எடுக்க இதுதாண்ணே சரி. இதையே குடுங்க," என்றாள். கைப்பிடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுவாரம் சப்பாத்திக்குப் பிசைந்துகொண்டிருந்தவள் இழுப்பறையை இழுக்க, கைப்பிடியெங்கும் மாவு அப்பிக்கொண்டது.

"ஐயையோ, புதுசு பாழாப்போச்சே!" என்று பதறியது பக்கத்துக் கதவின் கீல்.

"இருக்கட்டும் விடு," என்றது கைப்பிடி. "நம்ம வீட்டு மாவுதானே."