திறந்த மூச்சு

சாகக் கிடந்த இளவழகனின் உயிரை, கோட்டைக் காவலுக்காக வார்த்த இரும்புப் பதுமைக்குள் இறக்கும் நாள். அவன் மனைவி மாதுளை கட்டிலருகே நின்றாள். தோளில் கைக்குழந்தை கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"மூக்கு, வாய் எல்லாத்தையும் துணியால கட்டிக்குங்க. திறந்த மூச்சைத்தான் மந்திரம் இழுக்கும்," என்றார் மந்திரவாதி.

"இனி அண்ணனுக்குப் பல்வலியே வராது அண்ணி," என்று கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான். பிறகு அவனும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். மாதுளையும் கட்டிக்கொண்டாள்.

மந்திரம் முடிந்தது. பதுமை கண்ணைத் திறந்தது.

"என்னங்க..." என்று மாதுளை அதனிடம் ஓடினாள்.

"மாது, தண்ணி குடு," என்று கட்டிலிலிருந்து இளவழகன் முனகினான்.

பதுமை மெல்லத் தன் இரும்புக் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. தோளில் கிடந்த குழந்தையைத் திருப்பிப் பார்க்க மாதுளைக்குக் கை வரவில்லை.