புளியும் தேனும் சேர்ந்த ரை

புதூர்நாட்டுச் சரிவில் மாலை வெயில் சாமைக் கதிர்களின் மேல் பொன்னாகக் கிடக்கிறது. களத்துமேட்டில் கவிழ்த்த முறத்தின் மேல் ஒரு விஸ்கி பாட்டில், ஒரு சொம்பு, இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள், உமிக்குள் பொதிந்து ஜீப்பில் கொண்டுவந்த ஐஸ். பெங்களூர் பாரில் மது கலக்கும் வேலையில் இருக்கும் தேவயானி, அப்பா வேடியப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் யார் கேட்டாலும் "ஓட்டல்ல வேலை" என்று பாதியோடு நிறுத்திக்கொள்கிறவர் அவர். இப்போது விதை பார்ப்பதுபோல் இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்கிறார். "சாமை இல்ல, கேவுரும் இல்ல. இன்னா தானியம்மா இது?" "ரைப்பா. குளிர் நாட்டுப் பயிரு. இதுலதான் இந்த விஸ்கி காய்ச்சறாங்க." ஒரு வாய் குடித்ததும் மிளகைக் கடித்தவர்போல் புருவத்தைச் சுருக்குகிறார். "காரமா கீதே!" அவள் சிரித்தபடி வீட்டுப் புளிக்கரைசலையும் மலைத்தேனையும் சேர்த்து, சொம்பை டம்ளரால் மூடிக் குலுக்குகிறாள். ஐஸ் கலகலக்கிறது, சொம்பின் பக்கமெல்லாம் வியர்க்கிறது. வேடியப்பன் மெதுவாகக் குடிக்கிறார். புளிப்பு, இனிப்பு, கடைசியில் தொண்டைக்குள் அந்தக் காரம். வரப்பில் போகும் பங்காளி தமிழ்மணியை டம்ளரைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுகிறார். "இன்னாண்ணா கையில?" என்கிறார் தமிழ்மணி. "எம் பொண்ணு கலக்கினதுடா. பெங்களூர் பாருல இதான் அவ வேலை. வந்து குடிச்சிப் பாரு, அப்புறம் பேசு!" மலை முழுக்கக் கேட்கும் குரல். தேவயானி குனிந்து இன்னொரு டம்ளரை எடுக்கிறாள். சொம்பைப் பிடித்த விரல்கள் சில்லிட்டிருக்க, முகம் மட்டும் சுடுகிறது.